ஒரே கொப்பியில் இரண்டு வருத்தங்கள்



மாதந்தோறும் உங்களிடமிருந்து வரும் கடிதங்களைச் சேர்த்து வைத்து, ஒத்த கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதுவதே என் வழக்கம். இம்முறை ஒரேயொரு கடிதத்துக்கு இந்தப் பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். எழுதிய சகோதரிக்குத் தபாலில் உடனேயே பதில் அனுப்பிவிட்டேன். ஆனாலும் அவர் செய்த காரியத்தை இன்னும் எத்தனை பேர் செய்துகொண்டிருக்கிறார்களோ என்ற கவலை என்னை விடவில்லை. அவருடைய அனுமதியோடு, பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, கடிதத்தின் முக்கிய பகுதியைத் தருகிறேன்.

“எனக்கு வயது 52. ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். மெட்போமின் இரண்டு நேரம், கிளிக்கிளசைட் காலையில் போடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன் கிளினிக்கில் தைரொயிட் குறைவு என்று சொல்லி, தைரொக்சின் 50 குளிசை தந்தார்கள். அதுவரை வெறும் வயிற்றில் 120, 125 என்று இருந்த சீனி, இப்போது 160 வரை போகிறது. ‘தைரொயிட் குளிசைதான் சீனியை ஏற்றுகிறது’ என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. இரண்டு கிழமையாக அதை நிறுத்திவிட்டேன். உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அப்படியென்றால் அந்தக் குளிசை எனக்குத் தேவையே இல்லைத்தானே?”

முப்பது வருடங்களுக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். வைத்தியர் அல்ல. ஆகவே யாருடைய மருந்தின் அளவையும் இந்தப் பக்கத்தில் தீர்மானிக்க மாட்டேன். ஆனால் இந்தக் கேள்விக்குச் சுருக்கமான பதில் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிசையை மறுபடி தொடங்குங்கள். இதய வருத்தம் இருந்தால் மட்டும் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். விட்ட நாட்களை ஈடுசெய்வதற்காக இரட்டிப்பாகப் போட வேண்டாம். இந்தக் கிழமைக்குள்ளேயே கிளினிக்குக்குப் போய், நிறுத்தியிருந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. சீனி ஏறியதற்குத் தைரொக்சினும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதற்காகத் தைரொக்சினை நிறுத்துவது, கூரை ஒழுகுகிறது என்று வீட்டை விட்டு வெளியேறுவது போன்றது. திருத்த வேண்டியது சீனிக்கான மருந்தின் அளவை. ஏன் என்பதை ஆறுதலாகப் பார்ப்போம்.

கழுத்திலே ஒரு வண்ணத்துப்பூச்சி

எங்கள் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தது போன்ற வடிவில் இருப்பதுதான் தைரொயிட் சுரப்பி. இது சுரக்கும் தைரொக்சின் என்ற ஓமோன், உடம்பிலுள்ள ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அடுப்பின் நெருப்பைக் கூட்டிக் குறைப்பது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓமோன் குறைந்தால் நெருப்புத் தணிந்துவிடும். இதயம் மெதுவாகத் துடிக்கும். மலச்சிக்கல் வரும். தோல் வரளும், தலைமயிர் கொட்டும், குளிர் தாங்காது, குரல் கரகரக்கும், முகம் ஊதும், மாதவிடாய் கூடுதலாகப் போகும், நிறை ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்ல முடியாத களைப்பு வரும்.

இரத்தத்தில் இந்த ஓமோன் குறைவதை முதலில் கண்டுபிடிப்பது மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி. “வேலை செய், வேலை செய்” என்று தைரொயிட்டை விரட்டுவதற்காக அது ரி.எஸ்.எச். என்ற இன்னொரு ஓமோனைக் கூடுதலாக அனுப்பும். அதனால்தான் ரி.எஸ்.எச். கூடினால் தைரொயிட் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இது பலரைக் குழப்பும் விசயம். “எனக்கு ரி.எஸ்.எச். 30 என்கிறார்கள், பிறகு ஏன் குறைவு என்கிறார்கள்?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அநேகமான ஆய்வுகூடங்களில் வளர்ந்தவர்களுக்கான வழமையான அளவு ஏறக்குறைய 0.4 தொடக்கம் 4 வரை.

ஒரு காலத்தில் எங்கள் நாட்டில், முக்கியமாக மழை கூடிய தென்மேற்குப் பகுதிகளில், அயடின் குறைபாட்டால் கழுத்தில் கழலை வருவது சாதாரணமாக இருந்தது. 1995 முதல் சாப்பாட்டு உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்ட பிறகு அந்த நிலை பெரிதும் மாறியது. இன்று தைரொயிட் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி தன்னுடைய சுரப்பியையே பகைவன் என்று நினைத்துத் தாக்குவதுதான். 1912இல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய வைத்தியர் இதை நான்கு பெண்களில் கண்டு விபரித்தார். அதனால் அவருடைய பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. இந்த வருத்தம் ஆண்களை விடப் பெண்களுக்கே பல மடங்கு கூடுதலாக வருகிறது. ஆகவே “உப்பைக் கூட்டிச் சாப்பிட்டால் தைரொயிட் சரியாகிவிடும்” என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். நீரிழிவோடு பிரஷரும் உள்ளவர்களுக்கு அது கேட்டை வாங்கி வைப்பதாகும்.

சீனி ஏன் ஏறியது?

தைரொயிட் குறைந்திருக்கும்போது உடம்பில் எல்லாமே மெதுவாக நடக்கிறது என்றேன் அல்லவா? சீனியின் விடயத்திலும் அப்படித்தான். பசி குறைகிறது. சாப்பாட்டிலுள்ள சீனி குடலிலிருந்து இரத்தத்துக்கு மெதுவாகவே போய்ச் சேருகிறது. ஈரல் இரத்தத்துக்குள் விடும் சீனியும் குறைகிறது. இன்சுலின் இரத்தத்திலிருந்து அகற்றப்படுவது தாமதமாவதால், அது கூடுதல் நேரம் நின்று வேலை செய்கிறது. இன்னொரு பக்கத்தில், தசைகள் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதும் குறையும். ஆகவே எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஆனாலும் இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும், கிளிக்கிளசைட் போன்ற குளிசை போடுபவர்களுக்கும், முன்பு சரியாக இருந்த மருந்தே இப்போது கூடிப்போய்ச் சீனி தாழ்ந்துவிடலாம்.

தைரொக்சின் கொடுத்ததும் இவையெல்லாம் பழைய வேகத்துக்குத் திரும்புகின்றன. பசி வருகிறது, குடல் உறிஞ்சுகிறது, ஈரல் சீனியை விடுகிறது, இன்சுலின் உரிய நேரத்தில் அகற்றப்படுகிறது. அப்போது சீனி கொஞ்சம் ஏறினால், மருந்து உங்களைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தமல்ல. நோய் மறைத்து வைத்திருந்த உங்கள் உண்மையான சீனி அளவு இப்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். தைரொக்சின் தொடங்கும் நீரிழிவு நோயாளருக்குச் சீனி மருந்தைக் கூட்ட வேண்டி வரலாம் என்று அந்த மருந்தின் தகவல் துண்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. சிலருக்கு ஒரு மாற்றமும் வராது. சிலருக்கு நடக்கத் தெம்பு வந்து, சீனி முன்பை விடக் கட்டுப்படுவதும் உண்டு. ஒருவேளை தைரொக்சினின் அளவே கூடிப்போயிருந்தாலும் சீனி ஏறும். எது என்று இரத்தப் பரிசோதனைதான் சொல்லும், பக்கத்து வீடு சொல்லாது.

“வித்தியாசம் தெரியவில்லை” என்பது ஏன்?

இந்தக் குளிசையின் குணம் வேறு. தலையிடிக் குளிசை போல இன்று போட்டு இன்று தெரிவதல்ல. உடம்பிலிருக்கும் தைரொக்சினில் பாதி குறைவதற்கே ஏறக்குறைய ஏழு நாட்கள் எடுக்கும். இரண்டு கிழமை நிறுத்தினாலும் கால்பங்கு மிச்சம் இருக்கும். அதனால்தான் நிறுத்தியவர்களுக்கு முதலில் ஒன்றும் தெரிவதில்லை. “இல்லாமலே சமாளிக்கலாம் போல” என்று தோன்றும். பிறகு வாரங்கள் மாதங்களாகும்போது களைப்பு சத்தமில்லாமல் திரும்பி வரும். கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறும். ஏற்கெனவே சீனியால் ஆபத்திலிருக்கும் இதயத்துக்கு இது இரட்டைச் சுமை. கொலஸ்ட்ரோல் குறைக்கும் ஸ்டற்றின் குளிசை போடுபவர்களுக்கு, தைரொயிட் குறைவைக் கவனிக்காமல் விட்டால் தசை நோவு வரும் வாய்ப்பும் கூடும்.

இதே காரணத்தால்தான் தைரொக்சின் தொடங்கியோ அளவை மாற்றியோ ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைகளின் பின் ரி.எஸ்.எச். பார்க்கிறார்கள். கடிதம் எழுதிய சகோதரிக்கு மூன்று மாதம் ஆகிவிட்டதால் அந்தப் பரிசோதனைக்கான காலமும் வந்துவிட்டது. ஆனால் இரண்டு கிழமை நிறுத்தியதைச் சொல்லாமல் இரத்தம் கொடுத்தால் என்ன நடக்கும்? ரி.எஸ்.எச். கூடியிருக்கும். “50 போதவில்லை” என்று நினைத்து வைத்தியர் அளவைக் கூட்டுவார். அதை ஒழுங்காகப் போடும்போது அளவு மிஞ்சிப்போகும். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், நித்திரையின்மை வரும். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் தேயும். நிறுத்தியதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். வாட்டில் நிற்கும் எங்களுக்கு அது புதிய செய்தியல்ல. திட்டு விழுந்தால் ஒரு நிமிடம். பிழையான மருந்தின் அளவு பல மாதம்.

நல்ல சீனி, கெட்ட செய்தி

என்னுடைய மூத்த அக்காவுக்கும் இந்த இரண்டு வருத்தங்களும் உண்டு. அவவுக்குத் தைரொயிட் குறைவு கண்டுபிடிக்கப்பட்ட விதம் உங்களுக்கும் பயன்படும்.

நீரிழிவுக்காகப் பல வருடம் மருந்து எடுத்தவ. ஒரு வருடத்தில் திடீரென்று வெறும் வயிற்றுச் சீனி 90, 85 என்று இறங்கத் தொடங்கியது. “சாப்பாட்டை நல்லாக் கட்டுப்படுத்துறீங்கள்” என்று எல்லோரும் பாராட்டினார்கள். அதே நேரத்தில் அவ நாள் முழுக்கக் கதிரையில் இருந்தா. காலையில் முற்றம் கூட்டுவதற்கே இரண்டு முறை இளைப்பாறினா. கோயிலுக்குப் போவது நின்றுபோனது. மருமகள் “மாமிக்கு இப்ப எல்லாத்துக்கும் பஞ்சி” என்று பகிடியாகச் சொல்ல, அக்காவும் “வயசு போட்டுது, அதுதான்” என்று சிரித்தா. ஒரு நாள் விடியப்புறம் வியர்த்து விறைத்து, பேச்சுக் குழறிக் கிடந்தா. மகன் விரலில் குத்திப் பார்த்தபோது சீனி 48. நல்ல காலம், விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால் சீனித் தண்ணீர் பருக்கினார்கள்.

அதன் பிறகு பார்த்த வைத்தியர் ஒரு பொருத்தமின்மையைக் கவனித்தார். வீட்டில் விரலில் பார்த்த அளவுகள் எல்லாம் தாழ்வு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. மட்டும் 7.4. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. தைரொயிட் குறைவில் சிவப்பணுக்கள் புதிதாக உருவாவது குறைந்து, பழையவை கூடுதல் நாட்கள் இரத்தத்தில் சுற்றுகின்றன. கூடுதல் நாள் சுற்றும் அணுவில் கூடுதல் சீனி ஒட்டும். அதனால் எச்.பி.ஏ.1சி. உண்மையை விடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். ரி.எஸ்.எச். பார்த்தார்கள், 38. சீனி மருந்தைக் குறைத்து, சிறிய அளவில் தைரொக்சின் தொடங்கினார்கள். சில மாதத்தில், கவனமான இரத்தப் பரிசோதனைகளோடு, சீனி மருந்தைப் பழையபடி கூட்ட வேண்டி வந்தது. அந்த ஏற்றத்தைக் கண்டு நாங்கள் பயப்படவில்லை. அக்கா கதிரையை விட்டு எழும்பியிருந்தா.

இதிலிருந்து இரண்டு விடயங்களை நினைவில் வையுங்கள். மருந்தையோ சாப்பாட்டையோ மாற்றாமல் சீனி தானாக இறங்கினால், அதைப் பாராட்டாக எடுக்காமல் வைத்தியரிடம் காரணம் கேளுங்கள். சிறுநீரகப் பாதிப்பாலும் அப்படி நடக்கலாம், தைரொயிட் குறைவாலும் நடக்கலாம். அடுத்தது, தைரொயிட் சிகிச்சையின் முதல் சில மாதங்களில் எச்.பி.ஏ.1சி. ஒன்றை மட்டும் நம்பாமல் விரலில் பார்க்கும் அளவுகளையும் குறித்து வையுங்கள்.

சீனி 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

குளிசையைப் போடும் முறை

தைரொக்சின் கொஞ்சம் தனிமை விரும்பி. மற்றவையோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. காலையில் எழும்பியதும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போடுங்கள். அதன் பிறகு அரை மணி தொடக்கம் ஒரு மணி நேரம் தேத்தண்ணீர், கோப்பி, பால்மா, கஞ்சி எதுவும் வேண்டாம். படுக்கையை விட்டு எழும்பியதும் தேத்தண்ணீர் என்பது எங்களுக்கு இரத்தத்தில் ஊறிய பழக்கம். ஆகவே குளிசையையும் ஒரு கிளாஸ் தண்ணீரையும் கட்டிலுக்கு அருகிலேயே வைத்துவிட்டால் சுகம். காலையில் முடியவே முடியாதவர்கள், வைத்தியரிடம் கேட்டு, இரவுச் சாப்பாட்டுக்குக் குறைந்தது மூன்று மணி நேரத்தின் பின் படுக்கும்போது போடலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

கிளிக்கிளசைட் போன்றவை சாப்பாட்டோடு போட வேண்டிய குளிசைகள். தைரொக்சினைப் போடும்போது “எல்லாவற்றையும் ஒன்றாக முடித்துவிடுவோம்” என்று அவற்றையும் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது ஆபத்து. தைரொக்சினை முதலில் தனியாகப் போடுங்கள். சீனிக் குளிசைகளைச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்சியம் குளிசை, இரும்புச்சத்துக் குளிசை இரண்டையும் தைரொக்சினிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். நெஞ்செரிவுக்குக் குடிக்கும் மருந்துகளுக்கும் இதே இடைவெளி நல்லது. ஒமேப்பிரசோல் தொடர்ந்து போடுபவர்கள் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். சோயா மீற் சாப்பிடலாம், ஆனால் காலைச் சாப்பாட்டில் அல்லாமல் மதியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோவாவைத் தொடவே கூடாது என்று பயப்படத் தேவையில்லை. கறியாகச் சமைத்து அளவாகச் சாப்பிடுவதால் கெடுதி இல்லை. நீரிழிவுக்கு நல்ல மரக்கறிகளை இந்தப் பயத்தால் விட்டுவிடாதீர்கள்.

குளிசையை வெயில் படும் யன்னலோரத்திலும் அடுப்படித் தட்டிலும் வைக்காதீர்கள். சூடு, வெளிச்சம், ஈரம் மூன்றும் அதைப் பழுதாக்கும். வந்த உறையிலேயே வைத்து, அறையில் குளிர்ச்சியான மூலையில் பத்திரப்படுத்துங்கள்.

நோன்பு, விரதம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தைரொக்சினுக்கு வேறு நேரம் கண்டுபிடிப்பது சுலபம். றமழான் மாதத்தில் சஹர் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, இரவு படுக்கும்போதோ போடலாம். சிக்கல் சீனி மருந்தில்தான். கிளிக்கிளசைட்டும் இன்சுலினும் எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு நீண்ட நேரம் இருந்தால் சீனி தாழ்ந்துவிடும். நோன்போ சஷ்டி விரதமோ, தொடங்குவதற்குச் சில கிழமைகள் முன்பே வைத்தியரோடு பேசி மருந்தை மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பெறும் வயதிலுள்ள சகோதரிகள், கர்ப்பம் என்று தெரிந்தவுடனேயே கிளினிக்குக்குப் போக வேண்டும். முதல் மூன்று மாதங்களில் வயிற்றிலுள்ள சிசு தாயின் தைரொக்சினையே நம்பியிருக்கிறது. அநேகமானோருக்கு அளவைக் கூட்ட வேண்டி வரும். கர்ப்ப காலத்தில் குளிசையை நிறுத்தவே கூடாது.

எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். ரி.எஸ்.எச். சற்றுக் கூடி, தைரொக்சின் ஓமோன் சரியான அளவில் இருப்பவர்கள் பலர். இவர்களில் வயது முதிர்ந்தவர்களுக்கு மருந்து உதவுமா என்று ஐரோப்பாவில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 737 பேரில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2017இல் வெளியான அதன் முடிவில், தைரொக்சின் எடுத்தவர்களுக்கும் வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கும் களைப்பில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே “கொஞ்சம் கூட இருக்கு, பொறுத்துப் பார்ப்போம்” என்று வைத்தியர் சொன்னால், அது அலட்சியமல்ல.

தொடங்கும் அளவும் ஆளுக்கு ஆள் வேறு. சுரப்பி முற்றாக வேலை செய்யாத ஒருவருக்கு, நிறையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். அதாவது 60 கிலோ நிறையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் அளவில். ஆனால் வயதானவர்களுக்கும் இதய வருத்தம் உள்ளவர்களுக்கும் 25 அல்லது அதன் பாதியில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இதய வருத்தம் நோவில்லாமல் ஒளிந்திருக்கலாம். குளிசை தொடங்கிய பின் நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல், படபடப்பு வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். தைரொக்சினை மெலிவதற்காகப் போடுவது மிகவும் ஆபத்தானது. அது நிறை குறைக்கும் மருந்தல்ல.

களைப்புக்கு இன்னொரு காரணத்தையும் மறக்க வேண்டாம். மெட்போமின் நீண்ட காலம் போடுபவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம். தைரொயிட் அளவு சரியாகியும் களைப்பும் கால் விறைப்பும் போகாவிட்டால் அதைப் பார்க்கும்படி கேளுங்கள். தலைமயிருக்கு என்று பயோற்றின் சேர்ந்த விற்றமின் குளிசை போடுபவர்கள், தைரொயிட் பரிசோதனைக்கு முன்பு அதைச் சொல்ல வேண்டும். அது பரிசோதனை முடிவைப் பிழையாகக் காட்டும்.

கொப்பியில் என்ன எழுதுவது?

சீனிக்கு ஒரு கிளினிக், தைரொயிட்டுக்கு இன்னொரு கிளினிக் என்று போகும்போது, ஓரிடத்தில் மாற்றியது மற்ற இடத்துக்குத் தெரியாமல் போகிறது. இரண்டு நோயையும் இணைக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். அதனால் ஒரே கொப்பியில் எழுதுங்கள். தைரொக்சின் தொடங்கிய திகதி, அளவு, மாற்றிய திகதி ஒரு பக்கம். விரலில் பார்த்த சீனி அளவுகள் அடுத்த பக்கம். நிறை, பசி, நித்திரை, களைப்பு பற்றி ஓரிரு சொற்கள். விட்டுப்போன குளிசைகளையும் குறித்து வையுங்கள். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அந்தக் கொப்பியும் போகட்டும். நகரும் நோயும் மாறும் மருந்தும் அதில் தெளிவாகத் தெரியும்.

35 வயதைக் கடந்தவர்கள் உங்கள் பகுதிச் சுகவனிதையர் கிளினிக்கைப் பயன்படுத்துங்கள். 1996 முதல் நடந்து வரும் இந்தக் கிளினிக்குகளில் பிரஷர், சீனி முதலியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். கழுத்தையும் பார்க்கும்படி கேளுங்கள். விபரத்தைக் குடும்ப நல உத்தியோகத்தர் சொல்லுவார்.

ஆயுளுக்குப் போடுவதா?

“சாகும்வரை குளிசையா?” என்று மனம் சலிக்கும் சகோதரிகளுக்கு ஒரு பழைய செய்தி. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ஜோர்ஜ் மறே என்ற இளம் வைத்தியர், தைரொயிட் முற்றாகக் குறைந்துபோன 46 வயதுப் பெண் ஒருவருக்குச் செம்மறியாட்டின் தைரொயிட்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அதுவரை அந்த நோய்க்கு மருந்தே இல்லை. அந்தப் பெண் எழுந்து நடமாடி, இன்னும் 28 வருடங்கள் வாழ்ந்து, 74 வயதில் 1919இல் காலமானார். அவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டதாக மறே எழுதி வைத்திருக்கிறார். இன்று எங்களுக்கு ஆடும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். காலையில் ஒரு சிறு குளிசையும் ஒரு கிளாஸ் தண்ணீரும் போதும். இது உடம்புக்குப் புதிதாக எதையோ ஏற்றுவதல்ல, சுரப்பி கொடுக்க மறந்ததைக் கொடுப்பது.

கடைசியாக வீட்டிலுள்ளவர்களுக்கு. எங்கள் வீடுகளில் அம்மாவோ மாமியோ களைத்து இருந்துவிட்டால், “பஞ்சி”, “வயது”, “சீனி” என்று மூன்று சொல்லில் கதையை முடித்துவிடுகிறோம். அந்தப் பெண்ணும் அதையே நம்பி, தன்னைத் தானே குறை சொல்லிக்கொண்டு, விடியற்காலையில் எழும்பி வேலைகளை இழுத்துப் பறித்துச் செய்கிறாள். நீரிழிவு உள்ள ஒருவர் முன்பு செய்த வேலையைச் செய்ய முடியாமல் போனால், பெயர் வைப்பதற்கு முன்பு ஒரு ரி.எஸ்.எச். பார்ப்போம். குழாய் ஒன்றில் கொஞ்ச இரத்தம்தான் தேவை.

அடுத்த மாதம் நீரிழிவு உள்ளவர்களின் பாதப் பராமரிப்பைப் பற்றிப் பேசுவோம். உங்கள் கேள்விகளை எழுதுங்கள். அதுவரை நலமாக இருங்கள்.